சூடும் சொரணையும்

குளியலறைத் தாழ்ப்பாளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு நின்றிருந்தான் சிட்டிபாபு. ஒன்றுக்குப் போவது மனிதன் பிறந்த நாளிலிருந்து யோசிக்காமல் செய்கிற காரியம். அதற்குப் போய்க் குலதெய்வத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டிவரும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. சொட்டுச் சொட்டாக நெருப்பு இறங்கியது.

"இன்னாங்க, உள்ளயே தூங்கிட்டீங்களா?" என்று வெளியே கதவைத் தட்டினாள் அவன் மனைவி சாமுண்டீஸ்வரி.

துண்டை எடுத்துவிட்டு, "ஒண்ணியும் இல்ல சாமுண்டி. சூடு புடிச்சிகிச்சி" என்றான்.

சொன்னதும் அவனுக்கே தன் சாமர்த்தியம் பிடித்துப்போயிற்று. சித்திரை வெயிலில் தாம்பரத்தில் சூடு பிடிக்காத உடம்பு எது? கொப்புளம் வந்தால் சூடு, கண் சிவந்தால் சூடு, வயிறு வலித்தால் சூடு. டாக்டர் தேவையில்லை, கேள்வி கிடையாது. ஆனால் சாமுண்டி கேட்டாள்.

"பெங்களூர்ல குளுருக்கு சொட்டர் போட்டுக்கினு சுத்துவாங்கன்னு சொல்லுவாங்களே. அங்க போய்ட்டு வந்தவருக்கு எப்புடி சூடு புடிச்சிது?"

"பஸ்ஸுல இன்ஜின் பக்கத்துல சீட்டு குட்த்துட்டான்."

"ஏ.சி. பஸ்ஸுன்னு சொன்னீங்க?"

"அது போம்போது. வரும்போது சாதா பஸ்ஸு."

வெளியே காலடிச் சத்தம் நகர்ந்தது. அவள் போய்விட்டாள். சிட்டிபாபு மீண்டும் துண்டைக் கடித்தான்.

சேலையூரில் அவன் அப்பா நெல் விளைத்த நிலமெல்லாம் பிளாட் போட்டு விற்றாகிவிட்டது. மிச்சத்தில் வேளச்சேரி ரோடு ஓரமாக சிமெண்ட், கம்பி, பெயிண்ட் விற்கும் கடை. வியாபாரம் ஓகோவென்று ஓடியதில் சிமெண்ட் கம்பெனிக்காரன் டீலர்களை எல்லாம் பெங்களூருக்கு அழைத்துப்போய் மாலை போட்டான். மாலையோடு நின்றிருக்கலாம். சிநேகிதர்கள் சேர்ந்தார்கள், பாட்டில் திறந்தது, அப்புறம் ஓட்டலில் யாரோ ஒரு அறைக் கதவைத் திறந்தார்கள். போதை தெளிந்து காலையில் கண்ணாடியைப் பார்த்தபோது சிட்டிபாபுவுக்குத் தன் முகத்தில் துப்ப வேண்டும்போல இருந்தது. அந்த வருத்தம் பொய்யில்லை. ஊருக்குத் திரும்பியதும் சாமுண்டிக்கு மைசூர் பட்டு கொடுத்தான், பிரியம் காட்டினான், பக்கத்தில் படுத்தான். அதற்குப் பிறகு இரண்டு நாள் கழித்துத்தான் நெருப்பு ஆரம்பித்தது.

அவன் குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது கூடத்தில் வரிசையாக இளநீர் வெட்டி வைத்திருந்தாள் சாமுண்டி.

"குடிங்க."

"இத்தினியா?"

"சூடு எறங்க வேணாமா? குடிங்க."

குடித்தான். அரை மணி நேரத்தில் மறுபடியும் குளியலறை. வந்தால் மோர். மறுபடியும் உள்ளே. வந்தால் ஊறவைத்த வெந்தயம், அதற்குப் பின்னால் பார்லிக் கஞ்சி, அதற்கும் பின்னால் நன்னாரி சர்பத். எந்த வேலையை நினைத்தால் அவனுக்கு உயிர் போகிறதோ அந்த வேலைக்கே அவனைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தாள் அந்தப் புண்ணியவதி. வேண்டாம் என்றால் சூடு இல்லை என்றாகிவிடும். அதனால் கண்ணில் நீர் முட்ட முட்டக் குடித்தான்.

"எரிச்சல் கொறஞ்சிதா?"

"கொஞ்சம்."

"அப்போ இன்னொரு எளநி குடிங்க."

வீட்டிலேயே இருந்த அம்மா செல்லியம்மாள் காதில் சேதி விழுந்ததும் வீடு வைத்தியசாலை ஆயிற்று. தொப்புளில் விளக்கெண்ணெய், கால் கட்டைவிரலில் பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெய். எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்து அம்மாவுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது.

"டேய் பாபு, உனுக்கு கண்ணாலம் ஆன புதுசுல பாண்டிச்சேரி போய்ட்டு வந்தியே, அப்பவும் இதே மாதிரி சூடு புடிச்சிது, ஞாபகம் கீதா? நான்தான் வெளக்கெண்ணெ வச்சி எறக்கினேன்."

சமையலறையில் எவர்சில்வர் டபரா ஒன்று கீழே விழுந்து உருண்டது.

"பழசெல்லாம் எதுக்கும்மா?" என்றான் சிட்டிபாபு. அப்போது இறங்கியது விளக்கெண்ணெயால் அல்ல என்பது அவனுக்குத் தெரியும். மெடிக்கல் ஷாப்காரன் ஒருவன் கண்ணடித்துவிட்டுக் கொடுத்த கேப்சூலில் பாதியை விழுங்கி, எரிச்சல் நின்றதும் மீதியை ஏரியில் எறிந்தான். அதோடு சரி. வந்தது, போனது. அவன் அதை மறந்துவிட்டதாகத்தான் வைத்திருந்தான்.

சிட்டிபாபு கெட்டவன் இல்லை. ஊரில் கேட்டுப்பாருங்கள், தங்கமான மனுஷன் என்பார்கள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. செல்லியம்மாள் மருமகளைச் சொல்லாத சொல் இல்லை. மேடவாக்கத்தில் தன் அண்ணன் மகளை இரண்டாம்தாரமாகப் பார்த்துப் பேச்சுவார்த்தை வரைக்கும் போனாள். அன்றைக்குக் கூடத்தின் நடுவே நின்று சிட்டிபாபு சொன்னான்: "கொழந்த பெத்துக்க முடியலன்னா அவ இன்னாம்மா பண்ணுவா? பொறந்த கொறை. நான் அவள கைவுட மாட்டேன்." ஊரே அதைச் சொல்லிச் சொல்லி மெச்சியது. சாமுண்டி மட்டும் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தபடி நின்றாள். மனைவிக்குத் தான் செய்த பெரிய உபகாரம் அது என்று அவன் இன்றுவரை நம்பினான். அந்த மரியாதை இந்தப் பெங்களூர் விவகாரத்தில் மண்ணாகிவிடுமே என்பதுதான் இப்போது அவன் பயம்.

மறுநாள் வேட்டியில் கறை பார்த்தபோது பயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. மின்சார ரயிலில் ஒட்டியிருந்த எய்ட்ஸ் விளம்பரம் கண்முன் வந்தது. கிழக்குத் தாம்பரத்தில் எல்லா டாக்டரும் அவன் கடையில் சிமெண்ட் வாங்கினவர்கள். அதனால் ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கி, மேற்குத் தாம்பரத்தில் டாக்டர் தோத்தாத்ரியின் கிளினிக்கைத் தேடிப் போனான்.

"என்ன உடம்புக்கு?"

"சூடு சார்."

"எத்தனை டிகிரி?" டாக்டர் தெர்மாமீட்டரை எடுத்து உதறினார்.

"அந்தச் சூடு இல்ல சார். வந்து... கீழ."

டாக்டர் தெர்மாமீட்டரைக் கீழே வைத்தார். கதவைச் சாத்திவிட்டு வந்தார். சோதித்தார், கேள்வி கேட்டார், கண்ணாடித் துண்டில் தடவி உள்ளே அனுப்பினார். திரும்பி வந்து உட்கார்ந்தவர், திட்டவில்லை. திட்டியிருந்தால் சிட்டிபாபுவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இது சூடு இல்லை. கனோரியான்னு பேரு. தமிழ்ல வெட்டைம்பா. உடலுறவு மூலமா ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்கு ஒட்டற கிருமி. நீங்க என்ன சாப்பிட்டேள் இதுக்கு?"

"எளநி சார். அப்பறம் வெந்தயம், பார்லி, மோரு..."

"உடம்புக்கு நல்லதுதான். கிருமிக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர். "ஒரு ஊசி போடறேன். இதுகூடவே இன்னொரு கிருமியும் பலபேருக்கு ஒட்டிண்டு வரும். அதுக்குக் கேப்சூல், காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ஒரு வாரம். எரிச்சல் நின்னுடுத்துன்னு பாதியில நிறுத்தினா, கிருமி சாகாது, பதுங்கும். ரத்தமும் குடுத்துட்டுப் போங்கோ. இந்த வழியா வர மத்த வியாதி ஏதாவது இருக்கான்னு பாத்துடலாம்."

"பொழைச்சிப்பேனா சார்?"

"ஒரு வாரத்துல நன்னா ஆயிடுவேள். இது குணமாகற வியாதி. அதுல சந்தேகமே வேண்டாம்." சிட்டிபாபு கும்பிட எழுந்தான். டாக்டர் கையமர்த்தினார். "ஊர்லேருந்து வந்தப்பறம் வீட்ல சேர்ந்து இருந்தேளா?"

சிட்டிபாபு மேஜையைப் பார்த்தான். "மொத நாளு சார்."

"அப்போ அவாளுக்கும் வைத்தியம் பண்ணணும். ரெண்டு பேரும் ஒண்ணா முடிக்கணும். ஒருத்தர் மட்டும் குணமானா, இன்னொருத்தர்கிட்டேருந்து திரும்ப வரும். முடியறவரைக்கும் தள்ளிப் படுக்கணும்."

"அவளுக்கு ஒண்ணியும் இல்ல சார். நல்லாத்தான் கீறா."

"பொம்மனாட்டிகள்ல பாதிப் பேருக்கு மேல எந்த அறிகுறியும் தெரியாது. எரியாது, வலிக்காது. சத்தம் போடாம உள்ள போயி கருக்குழாயை அடைச்சுடும். தெரியவரச்சே காலம் கடந்திருக்கும். குழந்தைகள் உண்டா?"

"இல்ல சார். அவளுக்கு பொறந்த கொறை. ஆனா நான் ரெண்டாங் கண்ணாலம் பண்ணிக்கல" என்று அந்த நிலையிலும் கொஞ்சம் நிமிர்ந்து சொன்னான்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "அவாளைக் கூட்டிண்டு வாங்கோ. இல்லேன்னா ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் லேடி டாக்டர் வேதா இருக்கா, அங்கேயாவது அழைச்சுண்டு போங்கோ."

"அவளுக்குத் தெரியாம மாத்திரை மட்டும் எழுதிக் குடுங்க சார். சோத்துல கலந்து..."

"மாட்டேன். அவா உடம்பு. அவாளைப் பாக்காம, அவாகிட்ட சொல்லாம எதையும் குடுக்கப்படாது. சொல்லிடுங்கோ சார். இதைவிடக் கஷ்டமான காரியத்தையெல்லாம் சுலபமா பண்ணிட்டு வந்திருக்கேள்."

ஊசி இடுப்பில் வலித்தது. கடைசி வாக்கியம் அதைவிட வலித்தது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், "சொல்லிடறேன், இன்னிக்கே சொல்லிடறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தான். வாசலில் சாமுண்டி இளநீரோடு நின்றாள். சொல்லவில்லை. குடித்தான்.

முதல் சிக்கல் படுக்கை. அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போகப் படியேறினான். செல்லியம்மாள் கண்ணில் பட்டுவிட்டது.

"இன்னாடா, புருசன் பொண்டாட்டிக்குள்ள சண்டையா?"

"இல்லம்மா. வேண்டுதல்."

"இன்னா வேண்டுதல்?"

சண்டை இல்லை என்று சொன்னவன் அங்கேயே நிறுத்தியிருக்கக் கூடாதா? நாக்கு சும்மா இருந்தால்தானே! "கொழந்தைக்கு" என்று சொல்லிவிட்டான்.

செல்லியம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். பிறகு எழுந்து தெருவுக்கு ஓடினாள். கால் மணி நேரத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. கோயிலில் பொங்கல் வைக்க நாள் குறித்தாகிவிட்டது. சிட்டிபாபுவுக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு பள்ளம் வெட்டி அதில் இறங்கிவிடலாமா என்றிருந்தது.

சாமுண்டி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கொழந்தைக்கா வேண்டிக்கினீங்க?"

"ஆமா சாமுண்டி."

"யாருக்கு?"

"இன்னா கேள்வி இது? நமக்குத்தான்."

அவள் அவனையே பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. உள்ளே போய்விட்டாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தான் சிட்டிபாபு. இவ்வளவு நல்லவளிடம் இப்படிப் பொய் சொல்ல வைத்துவிட்டாயே என்று சாமியைத் திட்டினான். சாமி என்ன செய்யும்?

அடுத்தது மாத்திரை. டாக்டர் எழுதிய சீட்டையே இன்னொரு கடையில் காட்டி அதே கேப்சூலை இன்னொரு வாரத்துக்கு வாங்கினான். ஊசிக்கு வழியில்லை. கேப்சூலாவது உள்ளே போகட்டும், பாதிப் பாவம் தீரும் என்று ஒரு கணக்கு. காலையில் சாமுண்டியிடம் ஒன்றை நீட்டினான்.

"இன்னா இது?"

"யானைக்கால் மாத்திரை. கடைக்கு வந்து குடுத்துட்டுப் போனாங்க. பள்ளிக்கரணை ஏரிப்பக்கத்துலேர்ந்து கொசு படையெடுத்து வந்துகினு கீதாம். எல்லாரும் சாப்புடணுமாம்."

"யானைக்கால் மாத்திரை வெள்ளையா, வட்டமா இருக்கும். இது டபுள் கலரா கீதே?"

"இது புதுசு. ஃபாரின்."

"சரி, அப்பால சாப்புடறேன்" என்று வாங்கி முந்தானையில் முடிந்தாள். அவள் அதோடு விட்டாள். ஆனால் பக்கத்தில் செல்லியம்மாள் இருந்தாளே!

"டேய், எல்லாரும்னா நான் இல்லியா? பெத்தவளுக்குக் கால் வீங்கினா பரவால்லியா?"

"உனக்கு வேணாம்மா. வயசானவங்களுக்கு ஒத்துக்காது."

"வயசானா யானைக்கால் வராதா? பொண்டாட்டிக்கு ஃபாரின் மாத்திரை, ஆத்தாளுக்கு ஒண்ணும் இல்ல. சூடு சொரணை கீதாடா உனக்கு?"

சூடு இருந்தது. அவன் கடைக்குக் கிளம்பியதும் செல்லியம்மாள் அலமாரியைத் துழாவி ஒரு கேப்சூலை எடுத்து, வெறும் வயிற்றில் மோரோடு விழுங்கிவிட்டாள். பத்து மணிக்குக் கொல்லைப்பக்கம் ஓடிப்போய்க் குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தாள்.

பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மி டீச்சர் கோடை லீவில் வீட்டில் இருந்தாள். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து வாந்திச் சத்தம் கேட்டது. நேற்றுத்தான் வேண்டுதல் என்று சொன்னார்கள், இன்றைக்கு வாந்தி. கணக்கு டீச்சர்தான். ஆனாலும் அவசரத்தில் மாதக் கணக்கு பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கையில் மாங்காயோடு ஓடி வந்துவிட்டாள். அவள் பின்னால் தெருப் பெண்கள் இன்னும் சிலர்.

"சாமுண்டி! வாந்தி எடுத்தியாமே! எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா? அம்மன் உடனே கண்ணைத் தொறந்துட்டா பாரு!"

சாமுண்டி வாசலில் நின்றாள். மாங்காயைப் பார்த்தாள். "நான் இல்ல டீச்சர். எங்க அத்தை" என்றாள்.

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். அது தொற்றிக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சாமுண்டியின் முகத்தைப் பார்த்து ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள். நாகலக்ஷ்மி மாங்காயை எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசியில் சாமுண்டி கையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

மதியம் சாப்பாட்டுக்கு வந்த சிட்டிபாபுவுக்கு இந்தக் கதையைச் செல்லியம்மாள்தான் சொன்னாள். கட்டிலில் படுத்துக்கொண்டு, காலில் நூலைச் சுற்றி வீங்கியிருக்கிறதா என்று அளந்துகொண்டே சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தான். எதிரே தட்டில் சாமுண்டி அந்த மாங்காயை நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி வைத்திருந்தாள்.

"வீணாப் போவக் கூடாதில்ல?" என்றாள்.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "காரம்" என்றான்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து கேப்சூலை எடுத்து மாங்காய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அலமாரியில் மிச்சமிருந்ததையும் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றைக்கூட அவள் விழுங்கவில்லை.

"நாளைக்கு வேதா டாக்டர்கிட்ட போறேன். இது இன்னா மாத்திரைன்னு கேட்டுட்டு சாப்புடறேன். நீங்களும் வாங்க."

"எதுக்கு சாமுண்டி? சாதாரண யானைக்கால் மாத்திரைக்குப் போய்..."

"நீங்களும் வாங்க" என்றாள் மறுபடியும். குரலை உயர்த்தவே இல்லை.

அன்றைக்கு மாடியில் படுத்துக்கொண்டு சிட்டிபாபு ஒரு முடிவுக்கு வந்தான். டாக்டரம்மா வாயால் அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. தானே சொல்லிவிட வேண்டும். செருப்பால் அடித்தாலும் அடிக்கட்டும். அந்த வெள்ளை மனசு உடையப்போகிறதே என்று நினைத்துப் பாயில் எழுந்து உட்கார்ந்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவனை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை.

காலையில் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சைக்கிள், லாரி, மாட்டுவண்டி எல்லாம் நின்றன. இதுதான் நேரம் என்று பட்டது. இன்ஜினை நிறுத்தினான். திரும்பிப் பார்க்கத் தைரியம் வராமல், முன்னால் பார்த்தபடியே ஆரம்பித்தான்.

"சாமுண்டி, அது சூடு இல்ல."

அவ்வளவு சொல்வதற்குள் கூட்ஸ் வண்டி வந்துவிட்டது. தடதடவென்று பூமி அதிர்ந்தது. ஆனால் அணை உடைந்துவிட்டது, அவனால் நிறுத்த முடியவில்லை. பெங்களூரைச் சொன்னான். பாட்டிலைச் சொன்னான். அறையைச் சொன்னான். வெட்டை என்று சொன்னான், ஊசி என்று சொன்னான், யானைக்கால் பொய், வேண்டுதல் பொய், எல்லாம் பொய் என்று கத்தினான். பெட்டி பெட்டியாக நிலக்கரி போய்க்கொண்டே இருந்தது. பக்கத்துச் சைக்கிள்காரன் ஒருவன் அவனையே இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசிப் பெட்டி போனது. கேட் மேலே ஏறியது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"கேட்டுத் தொறந்துட்டாங்க. வண்டிய எடுங்க" என்றாள் சாமுண்டி.

கேட்டதா, கேட்கவில்லையா? மீதி வழி முழுக்க சிட்டிபாபுவின் முதுகு வேர்த்தது. இன்னொரு தரம் சொல்ல அவனிடம் தெம்பு இல்லை.

டாக்டர் வேதாவின் கிளினிக்கில் வெள்ளைச் சேலை நர்ஸ் தனம் சாமுண்டியைப் பார்த்ததும், "வாக்கா" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். இவளை எப்படித் தெரியும் என்று அவனுக்குக் கொஞ்சம் ஆச்சரியம். மார்க்கெட்டில் பழக்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டான். பெஞ்சில் உட்கார்ந்தான். எதிர்ச் சுவர் முழுக்கக் கொழுகொழுவென்று சிரிக்கும் குழந்தைப் படங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒன்று அவனைப் பார்த்துச் சிரித்தது.

சாமுண்டி வெளியே வந்தாள். அவன் எழுந்து நின்றான்.

"பரிசோதிச்சாங்க. ஊசி போட்டாங்க. ஒரு வாரத்துக்குக் கேப்சூல் எழுதிக் குட்த்துருக்காங்க. அதையும் பால், மோர் கூட முழுங்கக் கூடாதாம், தண்ணியிலதான் முழுங்கணுமாம்" என்றாள். "உங்களுதையும் ஒண்ணு வுடாம முழுசா முடிக்கணும்னு சொன்னாங்க. இந்த வாட்டி ஏரியில போடாதீங்க."

"கேட்டுச்சா சாமுண்டி உனக்கு? கேட்டாண்ட நான் சொன்னது?"

"கூட்ஸ் வண்டி சத்தத்துல எல்லாமா கேக்கும்? கேட்ட வரைக்கும் போதும்."

"என்ன மன்னிச்சிடு சாமுண்டி." அவன் எல்லோர் எதிரிலும் அழுதுவிட்டான்.

"மூஞ்சத் தொடைங்க. எல்லாரும் பாக்கறாங்க" என்று தன் முந்தானையை நீட்டினாள். பிறகு சீட்டை எடுத்துக்கொண்டு வாசலில் இருந்த மருந்துக்கடைக்குப் போனாள்.

சிட்டிபாபு முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தான். மலை இறங்கின மாதிரி இருந்தது. என்ன மனசு இவளுக்கு! ஒரு வார்த்தை திட்டவில்லையே! இனிமேல் சத்தியமாகத் தப்பு செய்யமாட்டேன் என்று எதிரே சிரித்த குழந்தைகள் மேலேயே ஆணையிட்டான். அவ்வளவு வருத்தத்திலும் அவன் மனசு ஓர் ஆறுதலைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டது. அவள் குறையை அவன் அன்றைக்குப் பொறுத்தான். அவன் குறையை அவள் இன்றைக்குப் பொறுத்துவிட்டாள். சரிக்குச் சரி. புருஷன் பெண்டாட்டி என்றால் இதுதானே? ஏரியைப் பற்றி அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பது மட்டும் மனசின் ஒரு மூலையில் முள்ளாகக் குத்தியது. அதை எடுத்துப் பார்ப்பதற்குள் நர்ஸ் தனம் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து நின்றாள்.

"குடிங்க சார். அழுவாதீங்க, அதான் இந்த வாட்டி நேரத்தோட ரெண்டு பேருமா வந்துட்டீங்களே. கண்ணாலம் ஆன புதுசுல இதே வியாதியோட அக்கா தனியா வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு குழாயும் அடைச்சிப்போயி, இனிமே கொழந்த தங்காதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. உங்கள கூப்ட்டு சொல்றோம்னதுக்கு, 'அவரு தாங்க மாட்டாரு, நானே பக்குவமா சொல்லிக்கிறேன்'னாங்க அக்கா... சொன்னாங்க இல்ல சார்?"